கோழிக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டால் என்ன செய்வது? வடசென்னையில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொட்டைமாடியிலோ வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்திலோ நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பண்ணை வைத்திருப்பவர்களுக்கு டாக்டர் பழக்கம் இருக்கும், மருந்துக் கம்பெனிக்காரர்கள் தேடி வருவார்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் முட்டைக்காகவும் ஆசைக்காகவும் வளர்க்கிற நமக்கு, கோழிக்கு ஒன்று என்றால் யாரைக் கேட்பது என்பதே தெரியாது.

மழைக்காலம் முடிந்த கையோடு எங்கள் கோழிக்கு இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் இருந்த செல்லப்பிராணி கிளினிக் ஒன்றில், "கோழியெல்லாம் பாக்கறதில்லங்க, அறுத்துச் சாப்ட்ருங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். நோய் வந்த கோழியை அறுத்துச் சாப்பிடச் சொல்வதே தப்பு. எதிர்வீட்டு ஆயா, "அம்மை போட்டிருக்கு, தானா இறங்கிடும்" என்றார். ஆயா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வதற்குள் நிறைய அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எதையும் படிக்க நேரமில்லை என்றால் 4-ஆம் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். கண் மூடிய கோழிகளில் பல நோயால் சாவதில்லை. தீனியும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாமல் பட்டினியால் சாகின்றன.

1. உடனே தனியாக வையுங்கள்

கண்ணில் நுரை, நீர், வீக்கம், சிரங்கு என்று எதைப் பார்த்தாலும் அந்தக் கோழியை அப்போதே மற்றவற்றிடமிருந்து பிரித்துவிடுங்கள். கண் நோய்களில் பல தொற்றக்கூடியவை. அதோடு, கண் தெரியாத கோழியை மற்ற கோழிகள் கொத்தும், தீனிப் பக்கமே விடாது.

பெரிய அட்டைப்பெட்டி ஒன்று போதும். அடியில் செய்தித்தாள், அதன்மேல் பழைய துணி. மரத்தூளும் உமியும் வேண்டாம், தூசி கண்ணில் ஏறும். பெட்டியை மூடிவைக்க வேண்டுமானால் பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டை போடுங்கள். பஞ்சாரத்தால் கவிழ்த்து வைப்பதாக இருந்தால் மேலே கொசுவலையைப் போர்த்துங்கள். இது ஏன் முக்கியம் என்று கீழே வரும். வெயில் நேராக விழாத, காற்றாடுகிற இடமாக இருக்கட்டும்.

முதலில் நல்ல கோழிகளுக்குத் தீனி வையுங்கள், கடைசியில் நோய்க் கோழியிடம் போங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழியைத் தொட்ட கையால் உங்கள் கண்ணைத் தேய்க்காதீர்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோயின் வைரஸ் நமக்கும் கண்ணைச் சிவக்க வைக்கும்.

2. எந்த நோய் என்று பாருங்கள்

முடிவாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். ஆனாலும் நீங்கள் கவனித்துச் சொல்வதை வைத்துத்தான் அவரும் முடிவெடுப்பார். பகல் வெளிச்சத்தில் கோழியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண், மூக்கு, கொண்டை, தாடி, வாயின் உள்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

நம் பக்கம் அடிக்கடி வருவது கோழி அம்மை. கொண்டை, தாடி, கண் இமை என்று முடியில்லாத இடங்களில் முதலில் சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு அது கருத்துக் காய்ந்த பொருக்காகும். இமை ஓரத்தில் பொருக்கு வந்தால் இமை தடித்து, கண் திறக்கவே முடியாமல் போகும். இது வைரஸ். கொசுக்கள் ஒரு கோழியிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். வடகிழக்குப் பருவமழை முடிந்து பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரமெல்லாம் கொசு மண்டுகிற மாதங்களில் இந்த நோய் ஏன் தலைதூக்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அம்மை வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொருக்கு தானாக உதிர்ந்துவிடும். ஆயா சொன்னதில் சரியான பாதி இதுதான். அந்த வாரங்களில் கோழியைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. வாயைத் திறந்து பார்க்கும்போது தொண்டையில் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுகள் இருந்தால் அது அம்மையின் இன்னொரு வகை. மூச்சையே அடைத்துவிடும். அப்படி இருந்தால் வீட்டில் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கண்ணின் முன்மூலையில் சோப்பு நுரை போலக் குமிழ்கள், மூக்கில் நீர், தும்மல், மூச்சில் கறகற சத்தம் இருந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நாள்பட்ட சளி நோயாக இருக்கலாம். மெதுவாகப் பரவும், நாளாக நாளாக முகம் வீங்கும். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகக்கூடியது.

ஒரே நாளில் முகம் முழுக்க உப்பி, கண் புதைந்து, மூக்கிலிருந்து கெட்ட நாற்றத்தோடு சளி வந்தால் கொரைசா என்ற பாக்டீரியா நோய் என்று சந்தேகப்படலாம். நாற்றம்தான் இதன் அடையாளம். மூக்கருகே குனிந்தாலே தெரிந்துவிடும். தொற்றிய ஒன்று முதல் மூன்று நாளில் அடுத்த கோழிக்கும் வந்துவிடும் என்பதால் இதில் தாமதம் கூடாது. மேலே சொன்ன சளி நோய்க்கும் கொரைசாவுக்கும் ஆன்டிபயாட்டிக் உண்டு. ஆனால் குணமான கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். பிறகு புதுக்கோழி வாங்கிச் சேர்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

இமைக்கு அடியில் வெள்ளையாகக் கெட்டியான கட்டி, கண்ணில் பிசுபிசுப்பு, ஆனால் சளி நாற்றம் இல்லை, மற்ற கோழிகளும் கொஞ்சம் சோர்வாக இருக்கின்றன. அப்படியானால் தீனியைப் பற்றி யோசியுங்கள். மிச்சச் சோறும் குருணையும் மட்டுமே தின்று வளரும் கோழிக்கு வைட்டமின் ஏ போதாது, அரிசியில் அது இல்லை. நகரத்துக் கோழிக்கு மேய்ந்து பச்சை தின்ன வழியும் இல்லை.

அடுத்தது கண்புழு. பலர் கேள்வியே பட்டிருக்க மாட்டார்கள். கோழி காலால் கண்ணைச் சொறிந்துகொண்டே இருக்கும், கண்ணில் நீர் வடியும், உள்மூலையில் இருக்கும் மூன்றாவது இமை வீங்கித் துருத்தும். அதற்கு அடியில் மெல்லிய வெள்ளைப் புழு நெளிவதைச் சில நேரம் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மண்ணிலும் ஈரக் குப்பையிலும் வாழும் ஒருவகைக் கரப்பான்பூச்சியைக் கோழி தின்னும்போது புழுவின் இளம் பருவம் உள்ளே போகிறது. தீனிப்பையிலிருந்து தொண்டை வழியாக மேலேறி, கண்ணீர்க் குழாயில் நுழைந்து கண்ணுக்கு வந்துவிடுகிறது. டாக்டர் கண்ணை மரத்துப்போகச் செய்து புழுவை எடுப்பார். ஊசியையோ முள்வாங்கியையோ வைத்து வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது.

நோயே இல்லாமலும் கண் கெடும். கூண்டுக்குள் எச்சம் ஈரமாகவே கிடந்தால் அம்மோனியா எழும்பிக் கண்ணை அரிக்கும். கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் மூச்சுவிட்டுப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், நாளெல்லாம் அங்கேயே இருக்கிற கோழியின் நிலைமை புரியும். இதில் பெரும்பாலும் எல்லாக் கோழிக்கும், இரண்டு கண்ணிலும் சேர்ந்து வரும். ஒரே கோழிக்கு ஒரே கண்ணில் திடீரென்று வந்தால் கொத்தோ குத்தோ பட்டிருக்கலாம். கண் பாப்பாவைச் சுற்றிய நிறம் வெளிறிச் சாம்பலாகி, பாப்பா கோணலாக இருந்தால் அது மேரெக் என்ற வைரஸ் நோயாக இருக்கக்கூடும், அதற்குச் சிகிச்சை இல்லை.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. கண் வீக்கத்தோடு தலை முழுக்க வீங்குவது, கொண்டை நீலம் பாய்வது, கழுத்து முறுக்கிக்கொள்வது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, அடுத்தடுத்துக் கோழிகள் சாவது ஆகியவை இருந்தால் வெள்ளைக் கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். அப்போது கோழியைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகாதீர்கள். செத்த கோழியைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஆள் அனுப்பியோ, கால்நடை அவசர உதவி எண் 1962-இல் கூப்பிட்டோ தகவல் சொல்லுங்கள்.

3. கண்ணைக் கழுவும் முறை

எந்த நோயாக இருந்தாலும் டாக்டரைப் பார்க்கும் வரை இதைச் செய்யலாம். காலை, மாலை இரண்டு வேளை.

மருந்துக்கடையில் நார்மல் சலைன் பாட்டில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில், தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகத் தூள் உப்பைக் கரையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கட்டும், உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது.

கோழியைத் துண்டில் சுற்றுங்கள். இறக்கை இரண்டும் உடம்போடு ஒட்டி, கால்கள் உள்ளே இருக்கும்படி சுற்றி, இடது கைக்கும் இடுப்புக்கும் நடுவில் அணைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை மட்டும் இறுக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு முட்டிப் போகும்.

சுத்தமான பருத்தித் துணியைச் சலைனில் நனைத்து மூடிய கண்ணின்மேல் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். பூளை ஊறி இளகும். மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடைத்தெடுங்கள். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய துணியை அடுத்த கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிறகு சலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவுங்கள். முதல் தடவை கோழி உதறும், இரண்டு நாள் போனால் அதுவே தலையைச் சாய்த்துக் கொடுக்கும்.

அம்மைப் பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஊறித் தானாக வந்தால் வரட்டும். பிய்த்தால் ரத்தம் வரும், இமை சுருங்கி வடுவாகும். அந்தப் பொருக்குக்குள்தான் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உதிர்ந்ததைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

இமைக்கு உள்ளே கெட்டிக் கட்டி இருந்தால் அது சீழ். கோழிக்குச் சீழ் நீராக வடியாது, கட்டியாக இறுகிவிடும். உள்ளேயே விட்டால் விழியை அழுத்திக் கெடுத்துவிடும். ஊறவைத்த பிறகு ஓரத்தில் தளர்ந்து நிற்கும் சின்னத் துண்டை நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். ஒட்டிக்கொண்டிருப்பதை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது நம் வழக்கம். கொண்டையிலும் தாடியிலும் இருக்கிற பொருக்குக்குப் பூசுங்கள், தவறில்லை. கண்ணுக்குள் போகக் கூடாது. வெங்காயச் சாறு, சுண்ணாம்பு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். புண்ணான விழியில் இவை எதையும் விடாதீர்கள்.

4. பட்டினி போட்டுவிடாதீர்கள்

கண் தெரியாத கோழி தீனித் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டினி கிடக்கும். தட்டு நிரம்பியே இருக்கும். நாமும் "திங்க மாட்டேங்குது" என்று நினைத்துக்கொள்வோம். திங்க மனசில்லாமல் இல்லை, எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை.

எங்கள் கோழியிடம் பலித்தது இது. எவர்சில்வர் தட்டில் ஊறவைத்த தீவனத்தைக் குவித்து, அதன் விளிம்பில் நகத்தால் டொக் டொக் என்று தட்டினேன். தாய்க்கோழி குஞ்சைக் கூப்பிடத் தரையில் கொத்திக் காட்டும் இல்லையா, அந்தச் சத்தத்துக்கு இரண்டு கண்ணும் ஒட்டியிருந்த கோழி தலையைச் சாய்த்துக் கேட்டது. அப்புறம் சத்தம் வந்த இடத்தைக் குறிவைத்துக் கொத்தியது. முதல் சில கொத்து தட்டுக்கு வெளியே விழுந்தது. அலகு ஒருதடவை தீவனத்தில் பட்டதும் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் அதே தட்டு, அதே இடம், அதே சத்தம். இடத்தை மாற்றாதீர்கள். தட்டின் ஓரம் உயரமில்லாமல், குவியல் ஆழமாக இருந்தால் கொத்து வீணாகாது.

என்ன கொடுப்பது? கோழித் தீவனத்தையே தண்ணீரில் ஊறவைத்துக் குழைவாகக் கொடுங்கள். அதோடு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, துருவிய கேரட், பப்பாளி, மஞ்சள் மக்காச்சோளக் குருணை. முருங்கைக்கீரைக்குக் காசு செலவே இல்லை, தெருவுக்கு ஒரு மரம் இருக்கிறது. வைட்டமின் ஏ குறைவாக இருந்தால் இதெல்லாம் மருந்துக்குச் சமம். இல்லாவிட்டாலும் புண் ஆற உதவும். மனிதர்களுக்கான வைட்டமின் ஏ மாத்திரையை உடைத்துப் போடுகிற யோசனை வேண்டாம். உடம்பில் சேர்ந்து நஞ்சாகும், அளவு டாக்டர் சொல்லட்டும்.

தண்ணீரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வாயைப் பிளந்து உள்ளே ஊற்றவே கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. அதற்குள் போனால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கோழியின் அலகு நுனியை மட்டும் மூக்கு ஓட்டை முங்காதபடி நனையுங்கள். தாகமாக இருந்தால் தானே அலகில் மொண்டு தலையை நிமிர்த்திக் குடிக்கும். அதற்கும் தெம்பில்லை என்றால் ஊசியில்லாத சிரிஞ்சால் அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வையுங்கள். விழுங்கியதும் அடுத்த சொட்டு. சென்னை வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாவது இதைச் செய்ய வேண்டும்.

போதுமான அளவு தின்றதா என்று எப்படித் தெரியும்? இரவு அடைகிற நேரத்தில் கழுத்துக்குக் கீழே நெஞ்சின் வலப்பக்கம் தடவிப் பாருங்கள். தீனிப்பை நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும், காலையில் வற்றியிருக்க வேண்டும். சமையலறைத் தராசு இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் கண் எப்படி இருந்தாலும் சரி, டாக்டரிடம் போயாக வேண்டும்.

5. மருந்துக்கடையில் கவனம்

"கோழிக்குக் கண்ணு வீங்கியிருக்கு" என்று மெடிக்கலில் சொன்னால் ஏதாவது ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு நீட்டிய அட்டையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நீங்களும் படியுங்கள். இரண்டு பெயர்களை முக்கியமாகத் தேடுங்கள்.

ஒன்று டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரியான ஸ்டீராய்டு. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்தே ஒரே பாட்டிலில் வரும். விழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆழமாகிப் பார்வையே போகலாம். அம்மை வைரஸுக்கும் அது வசதி செய்து கொடுக்கும்.

இன்னொன்று குளோராம்பெனிகால். கண் களிம்பாகவும் குட்டிக் குட்டிக் கேப்சூலாகவும் சல்லிசாகக் கிடைக்கும். முட்டைக்கும் கறிக்கும் வளர்க்கும் விலங்குகளுக்கு இதைத் தருவதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. முட்டை வழியாக மிச்சம் நம் உடம்புக்கு வந்தால், அபூர்வமாகச் சிலருக்கு ரத்தம் ஊறுவதே நின்றுபோகும் நோய் வரலாம். அளவு குறைவு என்றாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்பதால்தான் தடை.

கால்நடை மருந்துக்கடையில் தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாட்டிக் பவுடரைச் சீட்டில்லாமலே தருவார்கள். அம்மைக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, மேலே வேறு கிருமி ஏறினால்தான் தேவை. எந்த நோய் என்று தெரியாமல் கலக்கிக் கொடுத்தால் காசும் போகும், அடுத்த முறை உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்தும் வேலை செய்யாது.

6. எங்கே போவது, என்ன கொண்டுபோவது

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, வேப்பேரி நமக்குப் பக்கம். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பெரியார் திடலுக்கு அருகில் இருக்கிறது. எழும்பூர், சென்ட்ரல் இரண்டிலிருந்தும் எளிதாகப் போகலாம். நாய், பூனைதான் அதிகம் வரும், கோழியோடு நிற்க ஒரு மாதிரி இருக்கும். கூச்சப்படாதீர்கள், அது எல்லா உயிருக்குமான மருத்துவமனை. பதிவு செய்யும் இடத்திலேயே "கோழி, கண் நோய்" என்று சொல்லி, பறவை பார்க்கும் பிரிவு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தப்பான வரிசையில் நின்று நேரம் போகும்.

காலையில் சீக்கிரம் போய்விடுவது நல்லது. கல்லூரி என்பதால் மாணவர்கள் முதலில் பார்ப்பார்கள், அப்புறம் பேராசிரியர் வருவார். நேரம் ஆகும், அரை நாள் ஒதுக்கி வையுங்கள். நாலு பேர் மாறி மாறிப் பார்ப்பதால் சின்ன விஷயமும் தப்பாது என்பது என் அனுபவம்.

அவ்வளவு தூரம் முடியாதவர்கள் தங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். தனியார் கிளினிக் என்றால் போகும் முன் போனில் "கோழி பார்ப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள்.

கோழிக்கென்று தனிச் சான்று எதுவும் தேவையில்லை. உங்கள் பெயர், முகவரி, செல்போன் எண் கேட்பார்கள். ஆதார் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டிய விவரங்கள்: கோழியின் வயது, எந்தத் தேதியில் கண் மாறியது, வீட்டில் மொத்தம் எத்தனை கோழி, அவற்றில் எதற்கெல்லாம் இருக்கிறது, ஏதாவது செத்ததா, என்ன தீனி, என்ன தடுப்பூசி, இதுவரை போட்ட மருந்து, புதுக்கோழி எப்போது வாங்கினீர்கள், இப்போது முட்டை விடுகிறதா. கடைசிக் கேள்விதான் எந்த மருந்து என்பதையே தீர்மானிக்கும். எச்சத்தின் படமும் மூச்சு சத்தத்தின் வீடியோவும் செல்போனில் இருந்தால் விளக்கிச் சொல்லும் வேலை மிச்சம். ஏற்கெனவே போட்ட மருந்தின் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஆட்டோவில் கூட்டிப்போவது கோழிக்கு நல்லது. காத்திருக்கும் இடத்தில் நாய்கள் குரைக்கும், பெட்டியை மூடியே வைத்திருங்கள். ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், மறுபடி போகும்போது கேட்பார்கள்.

ஒரு கோழி செத்தே போய்விட்டது, மற்றவையும் சோர்வாக இருக்கின்றன என்றால், செத்ததைப் பரிசோதிப்பதுதான் மற்றவற்றைக் காப்பாற்றும் வழி. ஆனால் பறவைக் காய்ச்சலுக்கான அறிகுறி தெரிந்தால் மேலே சொன்னபடி தகவல் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மற்றபடி, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்கள் மாதவரம் பால் பண்ணையில் இருக்கின்றன. டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். உடலை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் உறையவைத்தால் பரிசோதனைக்கு உதவாது.

7. செலவு

அரசு மருத்துவமனைகளில் டாக்டருக்கென்று ஆகும் செலவு மிகக் குறைவு. வியாசர்பாடி, பெரம்பூரிலிருந்து வேப்பேரிக்குப் போய்வர ஆட்டோவுக்கு ஆகும் முந்நூறு, நானூறுதான் பெரிய செலவாக இருக்கும். எண்ணூர், மணலியிலிருந்து என்றால் இன்னும் கூடும், பக்கத்து வீட்டுக் கோழியும் நோயாக இருந்தால் சேர்ந்து போங்கள். சலைன், சொட்டு மருந்து, பஞ்சு எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடியும். தனியார் கிளினிக்கில் பார்க்கும் கட்டணமே அதற்கு மேல் வரலாம். ஒரு கோழியின் விலையைவிடச் செலவு அதிகமாகும்தான். அந்தக் கணக்கை நான் போடவில்லை. போடுகிறவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

8. மருந்து கொடுக்கும் நாட்களில் முட்டை

ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போதும், நிறுத்திய பிறகு சில நாட்களும் முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது. எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மருந்துக்கென்று தனியாக நாள் நிர்ணயிக்கப்படாவிட்டால், நம் நாட்டு மருந்து விதிகளின்படி முட்டைக்குக் குறைந்தது 7 நாள், கறிக்குக் குறைந்தது 28 நாள். மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் இதையே கேளுங்கள். அந்த முட்டைகளைக் குழந்தைகளுக்கு அவித்துக் கொடுத்துவிடப் போகிறார்கள், வீட்டில் எல்லோரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

9. மற்ற கோழிகளுக்கு

நோய்க் கோழியைப் பிரித்த அன்றே கூண்டைக் காலி செய்து, பழைய எச்சத்தையும் படுக்கையையும் வாரி, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். மாடியில் கவிழ்க்காமல் கிடக்கும் வாளி, தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றிலும் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். சாயங்காலம் கோழி அடைந்ததும் கூண்டின்மேல் கொசுவலை. கூண்டுக்குள் கொசுவர்த்தி வேண்டாம், புகையே கண்ணைக் கெடுக்கும்.

பொருக்கு முழுவதும் உதிர்ந்து, கண் திறந்து, தானாகத் தின்னத் தொடங்கிய பிறகே கூட்டத்தில் சேருங்கள். பகலில் கொஞ்ச நேரம் வலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக வைத்து, கொத்தாமல் இருக்கின்றனவா என்று பார்த்து விடுங்கள்.

10. தடுப்பூசி

அம்மைத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில், இறக்கைத் தோலில் இரட்டை முள் ஊசியால் குத்திப் போடுவது. ஒரு வாரம், பத்து நாளில் அந்த இடத்தில் சின்னத் தடிப்பு வந்தால் பலித்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றிரண்டு கோழிக்கு மட்டும் நோய் வந்திருக்கும் நிலையில் மற்றவற்றுக்கு உடனே போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், பல நேரம் போடச் சொல்வார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் உள்ள சிக்கல், மருந்துப் புட்டி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போதுமான அளவில்தான் வரும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் போட முடியாது. வாங்கி வரும்போதும் ஐஸ் பெட்டி வேண்டும். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே காலையில் சேர்ந்து போட்டுக்கொண்டால் ஆளுக்குச் சில ரூபாய்தான் வரும். வெள்ளைக் கழிச்சலுக்குக் கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார இலவச முகாம் நடத்துகிறது. ஜனவரி கடைசியிலேயே உங்கள் பகுதி மருந்தகத்தில் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.